இடமாகச் சுற்றிய சாமி

பேராசிரியர் அழகப்பனை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் என்னிடமிருந்து மனமாற்றம் ஏதாவது வரும் என்று யாரும் காத்திருந்து ஏமாற வேண்டாம். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட இதை நான் சொன்னதில்லை. பாவம் என்று தோன்றினால்தானே சொல்வதற்கு.

என் பெயர் பிலோமினம்மாள். கடல் கடந்து வந்த தமிழர்கள் வாழும் இந்தத் தீவில், கெர்பாவ் சாலையில் ஒரு கடைவீட்டு மாடியில் பிறந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். பெண்கள் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்துகிறேன். அப்பா லாசரஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மாதா கோயில் திருநாளில் சொரூபத்தைச் சுமக்கும் ஆட்களில் முன்கொம்பு அவருடையது. சுமப்பவன் தோள் எங்கே கெஞ்சுகிறதோ அங்கே சொரூபம் நிற்கும். பின்னால் வருகிற நாங்கள் அதை பக்திக்காக நின்றதாக நினைத்துக்கொண்டு ஜெபமாலையை உருட்டுவோம். வீட்டுக்கு வந்து அப்பா சட்டையைக் கழற்றும்போதுதான் அந்த பக்தியின் நிறம் தெரியும். தோள் கன்றிச் சிவந்திருக்கும்.

அந்தத் தோளை வைத்துத்தான் என் ஆராய்ச்சியே நடந்தது. 1954-இல் நான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி, அழகப்பன் என் மேற்பார்வையாளர். சோழநாட்டில் குருந்தாறு என்று ஒரு ஆறு. மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. நட்டாற்றுத் திட்டின் மேல் ஒரு சிவன் கோயில். எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னால், பங்குனியில் அந்தச் சாமி பல்லக்கில் புறப்பட்டுச் சுற்றுவட்டார ஊர்களில் தங்கித் தங்கித் திரும்பி வந்திருக்கிறார். பிறகு எப்போதோ அந்த உலா நின்றுபோயிற்று. ஊர்களும் அழிந்துவிட்டன. மிஞ்சியது கல்வெட்டுகள் மட்டும்தான். இன்ன ஊரில் சாமி தங்கும் மண்டபத்துக்கு விளக்கெரிக்க நிலம், இன்ன இடத்தில் பூப்பறிக்க நந்தவனம், பல்லக்குச் சுமப்போருக்குச் சோறு. அந்த ஊர்கள் எங்கே இருந்தன, சாமி எந்த வழியாகப் போனார் என்பது யாருக்கும் தெரியாது.

நான் கப்பலேறிப் போய் அந்த வழியைக் கண்டுபிடித்தேன். கல்லில் தாளை ஒற்றி மை தட்டிப் படியெடுத்தேன். வயலிலும் வாய்க்கால் கரையிலும் பைத்தியக்காரி மாதிரி நடந்தேன். பல்லக்கைச் சுமப்பவன் ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் தாங்குவான் என்று எனக்குத் தெரியும். அந்தத் தூரத்துக்குள் மேடோ, தூர்ந்த குளமோ, உடைந்த தூணோ இருக்கிறதா என்று தேடுவேன். இருக்கும். ஒவ்வொரு முறையும் இருந்தது. ஆலஞ்சேரி மண்டபத்தின் அடித்தளத்தை முள்ளுக்குள் பார்த்த அன்று நான் தனியாக உட்கார்ந்து அழுதேன். கிறிஸ்தவப் பெண் சிவன் கோயிலுக்காக அழலாமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. சாமி தெருவில் வருவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திரும்பி வந்து வரைபடம் போட்டேன். கண்ணாடி போல இரண்டு பக்கமும் தெரிகிற ட்ரேசிங் தாளில் ஆறு, திட்டு, சாமி தங்கிய இடங்களுக்குச் சிறு வட்டங்கள், போகும் வழிக்கு அம்புக்குறிகள். எழுத்து ஒன்றுகூட இல்லை. ஊர்ப்பெயரும் வடக்குக் குறியும் கடைசியில் எழுதுவதுதான் வழக்கம். மேற்பார்வையாளர் பார்த்துச் சரி என்ற பிறகு ஒரே மூச்சில் எழுதினால் சுரண்டித் திருத்த வேண்டியிருக்காது. கல்வெட்டுப் படிகளோடு அந்தத் தாளையும் அழகப்பன் மேசையில் விரித்து, ஒரு மத்தியானம் முழுக்க விளக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆழ்ந்து கேட்கிறார் என்று நினைத்தேன். பிறகு கண்ணைத் திறந்தார்.

“உங்க உழைப்புல குறை இல்லம்மா. ஆனா சைவம்ங்கிறது படிச்சு வர்றது இல்ல. கோயிலுக்குள்ள நின்னு பழகணும். நீங்க மாதா கோயில்ல முட்டி போட்டுப் பழகினவங்க. மிஷன் பள்ளிக்கூடங்களப் பத்தி எழுதுங்களேன், நல்லா வரும்.”

“அப்ப இந்த வேலையெல்லாம் சார்?”

“இங்கயே இருக்கட்டும். பத்திரமா இருக்கும்.”

பத்திரமாகத்தான் இருந்தது. நான் பட்டத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குப் போனேன். 1957-இல் அவர் புத்தகம் வந்தது. பெயர் ‘இடஞ்சுற்றும் ஈசன்’. ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. எங்கள் பள்ளியில் புவியியல் நடத்தும் கமலாதான் அதை வாங்கி ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்தாள். முதல் அத்தியாயத்திலேயே என் அப்பாவின் தோள் இருந்தது. சுமப்பவன் தாங்கும் தூரத்தை வைத்து மண்டபங்களைத் தேடிய புதுமையான முறை பேராசிரியருக்கு ஆற்றங்கரையில் ஒரு காலை வேளையில் உதித்ததாம். நன்றியுரையில், ‘நகலெடுத்து உதவிய மாணவி ஒருவருக்கும்’ என்று இருந்தது. அந்த ஆள் நாசமாய்ப் போக வேண்டும் என்று மாதாவின் பெயரைச் சொல்லியே சபித்தேன்.

பிறகு வரைபடத்தைப் பார்த்தேன்.

வட்டங்களுக்குப் பெயர் எழுதியிருந்தார்கள், வடக்குக் குறியும் போட்டிருந்தார்கள். ஆறு இடமிருந்து வலமாக, மேற்கிலிருந்து கிழக்காக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. திட்டும் கோயிலும் நடுவில் சரியாக இருந்தன. ஆனால் வடகரையில் இருக்க வேண்டிய ஆலஞ்சேரி தென்கரையில் இருந்தது. தென்கரை நந்தவனம் வடக்கே போயிருந்தது. புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. என் ட்ரேசிங் தாளை மேல்விளிம்பு கீழாக வரும்படி குப்புறப் போட்டுவிட்டு அந்த மகானுபாவர் அதன் மேல் பெயரெழுதியிருக்கிறார். எழுத்தே இல்லாத தாளுக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த மண்ணில் ஒரு நாள் நடந்திருந்தால் தெரிந்திருக்கும்.

இதிலே வேடிக்கை, தாள் குப்புற விழுந்ததும் சாமியும் திரும்பிவிட்டார். கோயிலை வலம் வருவதுதானே முறை? என் தாளில் சாமி வலமாகத்தான் போனார், முதலில் வடகரை, பிறகு கிழக்கு, ஆற்றைக் கடந்து தென்கரை, மறுபடி கோயில். அழகப்பன் புத்தகத்தில் சாமி இடமாகச் சுற்றினார். சுடுகாட்டில் கொள்ளி வைக்கிறவன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றுவானே, அந்தச் சுற்று. திருநீறு பூசாமல் வாசல்படி தாண்டாத அந்தச் சைவர் இதைப் பார்த்துத் திடுக்கிட்டிருக்க வேண்டாமா? அவர் திடுக்கிடவில்லை, மகிழ்ந்துபோனார். குருந்தாற்றங்கரையில் இடமாக வழிபடுகிற ரகசியச் சைவக் கூட்டம் ஒன்று இருந்தது, இது அதற்குச் சான்று என்று மூன்று அத்தியாயம் எழுதிவிட்டார். கல்வெட்டு ஆலஞ்சேரியை வடகரை என்கிறதே? அதற்கும் ஒரு அத்தியாயம் வைத்திருந்தார். ஆறு நகர்ந்துவிட்டதாம். ஒரு தாளைத் திருப்பிப் பார்க்க மனம் வராமல் ஒரு ஆற்றையே தூக்கி நகர்த்திய மனிதரை வேறு எங்கே பார்க்க முடியும்?

நான் சிரித்தேன். கமலா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன்.

“உடனே பேப்பர்ல எழுது பிலோ,” என்றாள்.

“எழுதினா என்ன சொல்வாரு தெரியுமா? அச்சுக்காரன் படத்தத் திருப்பிப் போட்டுட்டான்னு ஒரே வரியில முடிச்சுடுவாரு. நான் வாயாடின்னு பேரு வாங்கினதுதான் மிச்சம்.”

“அப்ப என்ன பண்ணப் போறே?”

“ஏறட்டும். இன்னும் நல்லா ஏறட்டும்.”

அதுதான் என் கணக்கு. அச்சுப்பிழை என்று சொல்லித் தப்ப முடியாத உயரத்துக்கு அவர் தன் காலாலேயே ஏற வேண்டும். ஏறினார். வெளிநாட்டு மாநாடுகளில் இடஞ்சுற்றும் ஈசனைப் பற்றிப் பேசினார். வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் மெச்சினார்கள். வானொலியில் அவர் குரல் கேட்டது. இரண்டாம் பதிப்பில், அந்த வரைபடத்தை ஆற்றங்கரையில் நின்று தம் கையாலேயே வரைந்ததாக எழுதினார். அதைப் படித்த அன்று தேக்கா சந்தையில் லட்டு வாங்கிக்கொண்டு போய் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கொடுத்தேன். பிறந்தநாளா டீச்சர் என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

இப்படியே ஒன்பது ஆண்டுகள். தோ பாயோவில் கம்பத்துக் குடிசைகளைக் கலைத்து அடுக்குமாடி எழுப்பினார்கள். கமலாவின் புருஷன் ஜூரோங் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினான். தீவு தனி நாடாயிற்று. நான் பிள்ளைகளுக்கு அக்பரையும் அசோகரையும் நடத்தினேன். அண்ணன் அந்தோனி வரன் பார்த்துப் பார்த்துச் சலித்து விட்டுவிட்டார். நடுவில் எத்தனையோ முறை அந்த ஆற்றங்கரை வழி என் கனவில் வந்தது. என்றாவது ஒரு பங்குனியில் அந்தச் சாமி நான் கண்டுபிடித்த வழியில் மறுபடி போவார், நான் கூட்டத்தில் ஒருத்தியாகப் பின்னால் நடப்பேன் என்று ஒரு ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை, கமலாவைத் தவிர.

1966-இல் வடிவேலு வந்தார். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி, குருந்தாற்றுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களின் சங்கத்துக்குச் செயலாளர். பள்ளியின் ஸ்லைடு கருவியை இரவல் கேட்டு வந்தவர், கருவியைப் பார்த்துக்கொள்ளும் கமலாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

“வர்ற பங்குனியில எங்க சாமி புறப்படப் போறாரு டீச்சர். ஊர்ல கோயில்காரங்களும் நாங்களும் சேர்ந்து நடத்துறோம். எத்தனையோ தலைமுறையா நின்னுபோன உலா. அழகப்பன் சார் புத்தகத்தப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. இந்த ஞாயித்துக்கெழம அவரு சங்க மண்டபத்துல பேசுறாரு, படமெல்லாம் காட்டுறாரு.”

நான் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டேன்: “எந்தப் பக்கமாச் சுத்துறாரு சாமி?”

வடிவேலு கொஞ்சம் நெளிந்தார். “இடமாத்தான். எங்க அக்கா முத்தாயிகூட ஒரே சண்ட. எழவுச் சுத்துல்ல அதுன்னு. ஊர் அர்ச்சகருங்களும் மொதல்ல மாட்டேன்னுட்டாங்க. சாருதான் கடுதாசி போட்டு, கல்வெட்டுல இருக்கு, மாத்தினாத்தான் தோஷம்னு ஒத்துக்க வெச்சாரு. படிச்சவரு சொல்றாருல்ல லா.”

அவர் போனதும் கமலா கதவைச் சாத்தினாள். “போதும் பிலோ. நாளைக்கே வடிவேலுகிட்ட தனியா சொல்லிடு. பாவம், சாமி காரியம்.”

“தனியா சொன்னா அந்த ஆளும் தனியாவே திருத்திக்குவாரு. ‘அண்மையில் நான் மேற்கொண்ட மறு ஆய்வின்படி’ன்னு மூணாம் பதிப்பு வரும்.”

“நீ கேக்க மாட்டே.”

“ஞாயித்துக்கெழம ஸ்லைடு போடப் போறது யாரு? நீதானே?” என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிராங்கூன் சாலை மண்டபம் நிறைந்துவிட்டது. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். மின்விசிறி சுற்றியும் புழுக்கம் தாங்கவில்லை. அழகப்பன் பட்டு ஜிப்பாவில், நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்தார். உடம்பு வைத்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, “நம்ம பழைய மாணவி!” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லித் தலையசைத்தார். நானும் கும்பிட்டேன். முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

நன்றாகத்தான் பேசினார். அதை மறுக்க மாட்டேன். பொன்னை உருக்கி ஊற்றினாற்போல் செந்தமிழ். கடைசியில் வரைபடத்தைத் திரையில் போடச் சொன்னார். கமலா போட்டாள். என் ஆறு, என் வட்டங்கள், என் அம்புக்குறிகள், எல்லாம் குப்புற. ஜனங்கள் கைதட்டினார்கள். கேள்வி கேட்கலாம் என்று வடிவேலு சொன்னதும் எழுந்தேன்.

“ஐயா, சாமி முதல் இரவு தங்கும் ஆலஞ்சேரி, கல்வெட்டில் எந்தக் கரை?”

“வடகரை. வரைபடத்தில் தென்கரையில் இருக்கிறதே என்றுதானே கேட்கிறீர்கள்? நதி நகர்ந்துவிட்டது அம்மா. என் நூலின் நான்காம் இயலே அதுதான்.”

“இந்தப் படத்தை வரைந்தது யார்?”

“நானே. அந்த ஆற்றங்கரையில் நின்று, என் கையால்.”

“அச்சில் ஏதாவது பிசகு நேர்ந்திருக்குமோ?”

அவர் சிரித்தார். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “இரண்டு பதிப்புகளிலும் கோட்டுக்குக் கோடு ஒப்பிட்டுப் பார்த்தவன் நான். ஒரு மயிரிழை பிசகில்லை.”

தப்பும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் அவரே போட்டுவிட்டார். நான் ஸ்லைடு கருவிப் பக்கம் திரும்பினேன்.

“கமலா, அந்த ஸ்லைடை எடுத்து, மேல்பக்கம் கீழே வர்ற மாதிரி குப்புறத் திருப்பிப் போடு.”

திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு படம் வந்தது. எழுத்தெல்லாம் தலைகீழாயின. ஆறு மட்டும் நேராயிற்று.

“பாருங்க,” என்று ஜனங்களைப் பார்த்துச் சொன்னேன். “ஆலஞ்சேரி இப்ப எந்தக் கரை? வடகரை. கல்வெட்டு சொல்ற கரை. நந்தவனம் தென்கரை. அதுவும் கல்வெட்டு சொல்ற கரைதான். ஆறு எங்கயும் நகரல, இருந்த இடத்துலயே இருக்கு. அம்புக்குறியப் பாருங்க. சாமி எப்படிச் சுத்துறாரு?”

“வலமா!” என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. முத்தாயிதான். எழுந்து நின்றுவிட்டார். “வலமாத்தான்டா சுத்துறாரு, வடிவேலு! நான் அப்பவே சொன்னேன்ல!”

மண்டபம் முழுக்க இரைச்சல். அழகப்பன் திரையைப் பார்த்தபடி நின்றார். அந்த முகத்தை நான் அணுவணுவாகப் பார்த்தேன். தாள் தம் மேசையில் எப்படிக் கிடந்தது என்று அவர் நினைவுபடுத்திக்கொள்வது எனக்குத் தெரிந்தது. மூன்று அத்தியாயம், ரகசியக் கூட்டம், நகர்ந்த ஆறு, வெள்ளைக்காரர்களின் மெச்சல், எல்லாம் ஒரு அட்டையைத் திருப்பியதில் போயிற்று. ஒன்பது ஆண்டு பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி அதை நிதானமாகப் பார்த்தேன்.

“இது… அச்சுக்காரன் செஞ்ச தப்பா இருக்கும்,” என்றார். செந்தமிழ் போய்விட்டது.

“இப்பத்தான மயிரிழைகூடப் பிசகு இல்லைன்னீங்க சார்?” என்று யாரோ கேட்டார்கள்.

“நான் வரைஞ்ச படம் இது,” என்றேன். “இவரு அந்த ஆத்தங்கரைய மிதிச்சதே இல்ல.”

அப்போது அவர் என் பக்கம் திரும்பினார். “சர்ச்சுக்குப் போற பொம்பளைக்கு எங்க சாமி எந்தப் பக்கம் சுத்துனா என்ன? ஒனக்கு இதுல என்ன வேல?”

“எங்க சாமிய எழவுச் சுத்து சுத்த வைக்கப் பார்த்தது அந்தப் பொம்பள இல்ல, நீரு!” என்று முத்தாயி கத்தினார். அதன் பிறகு யார் யார் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. அழகப்பன் பக்கவாசல் வழியாகப் போனார். மாலை போடக் காத்திருந்தவர் மாலையோடு அப்படியே நின்றார்.

செய்தி பரவ அதிக நாள் ஆகவில்லை. தமிழ்ப் பத்திரிகையில் வந்தது, பிறகு ஆங்கிலப் பத்திரிகையில். மெச்சிய வெளிநாட்டுப் பேராசிரியர்களே முதலில் கழன்றுகொண்டார்கள். அவர் பதவியை விட்டார். கோயிலுக்குக்கூடப் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். யாராவது பாவம் என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன், சொன்னால் நன்றாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று. யாரும் சொல்லவில்லை. எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

தை மாதம் வடிவேலு என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார். முத்தாயியும் கூட வந்திருந்தார். கையில் திருவிழா அழைப்பிதழின் அச்சுப்படி. சாமி வலமாகப் புறப்படுவார், தேதி குறித்தாயிற்று என்றார். அழைப்பிதழை வாங்கி வாசித்தேன். ‘பேராசிரியர் அழகப்பன் அவர்கள் கண்டறிந்து, பின்னர் திருத்தப்பெற்ற வழியில்’ என்று இருந்தது.

“இது என்ன?” என்றேன்.

வடிவேலு தரையைப் பார்த்தார். “கமிட்டியில பேசினோம் டீச்சர். சாமி காரியம். கிறிஸ்தவப் பேரு அழைப்புப் பத்திரிகையில வந்தா ஊர்ல அர்ச்சகருங்க பிரச்சன பண்ணுவாங்கன்னு சொல்றாங்க. யாரு பேரும் போடாம விட்டா, ஆதாரம் இல்லாத வழின்னு அதுக்கும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. அவரு பேரு ஏற்கெனவே அங்க எல்லாருக்கும் தெரியும்… தப்பா நெனைக்காதீங்க. எங்க மனசுல நீங்கதான் டீச்சர்.”

“உங்க மனசுலயா?”

“ஆமா டீச்சர்.”

“அவ்வளவு அவமானப்பட்டும் அவரு பேருதான் உங்க சாமிக்கு ஆகுது. அப்படித்தானே?”

முத்தாயி ஏதோ சொல்ல வாயெடுத்து, தம்பியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வடிவேலு வந்த காரியத்தை அப்புறம்தான் மெல்லச் சொன்னார். படத்தில் வழி ஒரு கோடாக ஆற்றைக் கடக்கிறது. அந்தக் கோட்டின் தடிமனே தரையில் கால் மைல் வரும். ஆற்றில் இறங்கிப் பார்த்தால் எங்கும் புதைமணல். பல்லக்கோடு யாரும் இறங்கப் பயப்படுகிறார்கள். அந்தக் காலத்தில் கல் பாவிய துறை ஒன்று இருந்திருக்க வேண்டும், அது எங்கே?

எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. மணலுக்கடியில் கல் தட்டுப்படும் வரை காலால் துழாவி, இடுப்பளவு நனைந்து, அந்தத் துறையைக் கண்டுபிடித்தவள் நான். அழகப்பனிடம் விளக்கிய மத்தியானம் சொன்னேன். அவர்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தாரே.

“அழைப்பிதழ்ல யாரு பேரு இருக்கோ அவருகிட்டயே போய்க் கேளுங்க,” என்றேன்.

“டீச்சர்…”

“என் பேரைப் போடுங்க, சொல்றேன். போட மாட்டீங்கன்னா சாமி கரையிலயே நிக்கட்டும்.”

அவர்கள் போன பிறகு கமலா வந்தாள். முத்தாயி அழுதுகொண்டே படியிறங்கியதை அவள் தெருவிலேயே பார்த்துவிட்டாள். “அழகப்பன்மேல கோவம், சரி. இவங்க உனக்கு என்ன பண்ணாங்க? அந்த வழியில சாமி போகணும்னு ஆசப்பட்டவளே நீதான்.”

“அவரு எடுத்தது என் தாளை. இவங்க எடுக்கிறது என் பேரை. அவருக்குக் குடுக்காத சலுகை இவங்களுக்கு மட்டும் எதுக்கு?” என்றேன். அவள் காப்பி குடிக்காமலே போய்விட்டாள்.

பங்குனி வந்தது. என் பெயர் வரவில்லை. அந்த நாள்களில் நான் பள்ளியில் பரீட்சைத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தேன். மணியடிக்கும்போதெல்லாம் இப்போது ஆலஞ்சேரி, இப்போது கிழக்கே திரும்புவார்கள் என்று மனம் கூடவே போயிற்று. கையால் அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

சித்திரையில் ஒரு சாயங்காலம், சிராங்கூன் சாலைப் பூக்கடையில் மாதா படத்துக்கு மல்லிகை வாங்கிக்கொண்டிருந்தபோது வடிவேலு எதிரே வந்தார். ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தார். வெயிலில் கறுத்திருந்தார்.

“வடகர முழுக்க நல்லா நடந்துச்சு டீச்சர். ஜனம்னா அவ்வளவு ஜனம். ஆத்துக்கு வந்ததும் நின்னுட்டோம். எறங்குறதா வேணாமான்னு ரெண்டு பேச்சு. சுமக்கிறவங்க தோளு விட்டுப்போச்சு, சாமிய எறக்கவும் முடியாதுல்ல. கடைசியில வந்த வழியே திரும்பிட்டோம். முத்தாயி அக்கா மண்ண வாரித் தலையில போட்டுக்கிட்டாங்க. இனிமே நடத்தவேணாம்னு கோயில்லயும் சொல்லிட்டாங்க.”

“எந்த எடத்துல நின்னீங்க?” என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“ஒரு மருதமரம். அதுக்குக் கீழ பாதி ஒடஞ்ச தூணு ஒண்ணு மணல்ல சாஞ்சு கெடக்கும். நெழல் இருந்துச்சுன்னு அங்க நின்னோம்.”

அதுதான் துறை. அந்தத் தூணிலிருந்து நேராக இறங்கினால் காலடியில் கல், முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறாது. அவர்கள் அதன் மேலேயே நின்றுகொண்டு, தோள் நோக நோக, ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

வடிவேலு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பூவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.